தன் வீட்டையே முற்றுகையிட்டவர்



1644ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளை. வேல்ஸ் நாட்டின் வடகிழக்கு எல்லையில், உயர்ந்த மேட்டின்மேல் நிற்கும் ஒரு கற்கோட்டையைச் சுற்றிப் படையொன்று வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் அரசரின் ஆட்கள். வெளியே நிற்பவர்கள் நாடாளுமன்றத்தின் ஆட்கள். படைத்தலைவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இதில் புதுமை எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளில் அந்நாட்டில் இப்படி எத்தனையோ முற்றுகைகள் நடந்தன. புதுமை என்னவென்றால், அந்தக் கோட்டை அந்தப் படைத்தலைவரின் சொந்த வீடு. அவருடைய கட்டில், பெட்டி, பேழை எல்லாம் இருந்த இடம் அது. அதைத்தான் இப்போது அவர் தாக்கிப் பிடித்தாக வேண்டும்.

அவர் பெயர் சர் தாமஸ் மிடில்டன். கோட்டையின் பெயர் சர்க். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் இருவர்தாம்: தலையை இழந்த முதலாம் சார்லஸ் மன்னர் ஒருவர், அந்தத் தலை விழக் காரணமான ஆலிவர் கிராம்வெல் மற்றொருவர். பள்ளிப் புத்தகங்கள் அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுக் கதையை முடித்துவிடும். இருவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

மிடில்டன் குடும்பம் வழிவழி வந்த பெரும் பிரபுக் குடும்பம் அன்று. நம்மவருடைய தந்தையின் பெயரும் தாமஸ்தான். அவர் வட வேல்சிலுள்ள டென்பி என்ற ஊரில் பிறந்து, லண்டனுக்குச் சென்று, மளிகை வணிகர் ஒருவரிடம் தொழில் பழகியவர். சர்க்கரை வாணிபத்திலும் கடல் வாணிபத்திலும் பெரும் பொருள் ஈட்டினார். 1595ஆம் ஆண்டு சுமார் 5,000 பவுண்டு கொடுத்துச் சர்க் கோட்டையை விலைக்கு வாங்கினார். அப்போதே அது மூன்று நூற்றாண்டுகள் பழமையான கோட்டை. வேல்சை அடக்கிய முதலாம் எட்வர்டு மன்னரின் காலத்தில் எழுந்தது. அடக்குவதற்கென்று கட்டிய கோட்டையை ஒரு வேல்ஸ் வணிகர் காசு கொடுத்து வாங்கிக் குடியிருக்கும் வீடாக்கிக்கொண்டார் என்பதை நாம் இரசிக்கலாம்.

அந்தத் தந்தையைப் பற்றி இன்னும் இரண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1600ஆம் ஆண்டு தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனியில் முதன்முதலாகப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில், 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் கொடியேற்றியது அதே கம்பெனிதான். மற்றொன்று, 1630ஆம் ஆண்டு வேல்ஸ் மொழி விவிலியத்தைக் கையடக்கப் பதிப்பாக, ஐந்து ஷில்லிங் விலையில், எளிய குடும்பங்களும் வாங்கும்படி அச்சிட்டு வெளியிடப் பொருளுதவி செய்தவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கு முன் அந்த நூல் கோயிலில் மேசைமேல் வைக்கும் பெரிய அளவில்தான் இருந்தது. அவருடைய தம்பி ஹியூ மிடில்டன், ஹார்ட்போர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டி லண்டன் மாநகருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். 1613 செப்டம்பர் 29ஆம் நாள் அந்தக் கால்வாய் திறக்கப்பட்டது. அதே நாளில்தான் அண்ணன் லண்டன் நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம்முடைய சர் தாமஸ் 1586இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டிலும், லண்டனில் சட்டம் பயிலும் கிரேஸ் இன்னிலும் படித்தார். 1617இல் சர் பட்டம் பெற்றார். 1624இல் முதன்முறையாக நாடாளுமன்ற உறுப்பினரானார். அதன்பின் டென்பி மாவட்டத்தின் பிரதிநிதியானார். நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர், உறுதியான புராட்டஸ்டண்டு என்ற இந்த மூன்றும் சேர்ந்தவர்தாம் அவர். இந்த மூன்றில் எதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவர் பின்னர் செய்தவை நமக்கு விளங்கமாட்டா.

முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமல் வரி தண்டினார். கடற்கரை மாவட்டங்களில் போர்க்காலத்தில் மட்டும் வாங்கிவந்த கப்பல் வரியை, நாடு முழுவதும், அமைதிக் காலத்திலும் வாங்கினார். வழிபாட்டில் அவர் கொண்டுவந்த மாற்றங்கள், பழைய கத்தோலிக்க முறை திரும்பிவிடுமோ என்ற அச்சத்தைக் கிளப்பின. 1640இல் பணமுடையால் நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டி வந்தபோது, பதினோராண்டு மனக்கசப்பு ஒரே அவையில் வந்து அமர்ந்தது. டென்பி மாவட்டத்தின் சார்பில் மிடில்டனும் அங்கே அமர்ந்தார். 1642 ஆகஸ்டு 22ஆம் நாள் நாட்டிங்ஹாம் நகரில் அரசர் போர்க்கொடி ஏற்றினார்.

இப்போது ஒருவர் எந்தப் பக்கம் நிற்பது? லண்டனில் வாழ்ந்தவருக்கு அது எளிது. லண்டன் பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் பக்கம். ஆனால் மிடில்டனின் நிலமும் வீடும் இருந்த வட வேல்ஸ் ஏறக்குறைய முழுவதும் அரசரின் பக்கம். அங்கே பெரும்பாலோர் வேல்ஸ் மொழி மட்டுமே அறிந்தவர்கள். லண்டனில் நாளொரு துண்டுப் பிரசுரமாக வெளிவந்த அரசியல் வாதங்களோ ஆங்கிலத்தில் இருந்தன. மக்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்கள் காட்டிய வழியில் சென்றார்கள். அந்தப் பெரியவர்கள் அரசர் காட்டிய வழியில் சென்றார்கள். சர் தாமஸ் தம் அண்டை வீட்டாரோடும் உறவினரோடும் முரண்பட்டு நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். இந்த முடிவுக்காக அவரைப் பாராட்டுவதா கூடாதா என்பது வேறு. அது ஆதாயம் தேடி எடுத்த முடிவு அன்று என்பது மட்டும் உறுதி. விலை உடனே தெரிந்தது. 1643 ஜனவரியில் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ராபர்ட் எல்லிஸ் என்ற படைத்தலைவர் அரசரின் ஆணையோடு வந்து சர்க் கோட்டையைக் கைப்பற்றினார். வெள்ளிப் பாத்திரங்களும் பணமும் பறிபோயின. கோட்டையில் அரசரின் காவற்படை குடியேறியது.

அதே ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் அவரை வட வேல்சின் ஆறு மாவட்டங்களுக்கும் படைத்தளபதியாக நியமித்தது. பெரிய பதவிதான். ஆனால் அந்த ஆறு மாவட்டங்களும் எதிரியின் கையில் இருந்தன! தம் வாழ்நாளில் அதுவரை போர் நடத்தியிராத ஒருவர், ஐம்பத்தேழு வயதில், இல்லாத நாட்டுக்குத் தளபதியாகப் புறப்பட்டார்.

முதலில் செஷயர் மாவட்டத் தளபதி சர் வில்லியம் பிரெரட்டனோடு சேர்ந்து, எல்லைக்கு இப்பாலுள்ள வெம் என்ற ஊரில் காவல் நிலையம் அமைத்தார். 1643 நவம்பர் 9ஆம் நாள் இருவரும் டீ ஆற்றின் பாலத்தைக் கடந்து வேல்சுக்குள் நுழைந்து ரெக்சம் நகரைப் பிடித்தனர். நாடாளுமன்றப் படையினர் ரெக்சம் தேவாலயத்தின் புகழ்பெற்ற ஆர்கன் இசைக்கருவியை உடைத்தார்கள் என்றும், அதன் ஈயக் குழாய்களைத் தோட்டாவாக்க எடுத்துச் சென்றார்கள் என்றும் அரசர் தரப்புச் செய்தித்தாள் எழுதியது. எதிரித் தரப்பின் செய்தியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். ஆயினும் அக்காலப் படைகளின் போக்கை அறிந்தவர்கள் இதை நம்ப மறுக்கமாட்டார்கள். நம் கதாநாயகரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று.

இந்த வெற்றி இரண்டு வாரங்கூட நிலைக்கவில்லை. அயர்லாந்திலிருந்து அரசருக்கு உதவியாக வந்த அனுபவமுள்ள துருப்புகள் மாஸ்டின் கரையில் இறங்கின. மிடில்டனும் பிரெரட்டனும் அவசரமாக எல்லையைக் கடந்து பின்வாங்கினர். பின்வாங்கும் படைக்குத் தெருவில் வரவேற்பு இருக்காது. படையை வரவேற்றவர்களுக்கு மறுநாள் என்ன ஆகும் என்பதும் ரெக்சம் மக்களுக்குத் தெரியும்.

மறு ஆண்டு காற்று திரும்பியது. 1644 கோடையில் எல்லையோர நகரமான ஆஸ்வெஸ்ட்ரி நாடாளுமன்றத்தின் வசமாயிற்று. அதை மீட்க வந்த அரசர் படையை ஜூலை மாதத் தொடக்கத்தில் மிடில்டன் விரட்டினார். அவரோடு நின்றவர் தாமஸ் மிட்டன். இருவரும் மணந்தது ஒரு குடும்பத்துச் சகோதரிகளை. செப்டம்பரில் நியூடவுன் என்ற இடத்தில் அரசர் படைக்குச் சென்றுகொண்டிருந்த வெடிமருந்தைக் கைப்பற்றிக்கொண்டு, அதே வேகத்தில் மான்ட்கோமரி கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் கோட்டையின் உரிமையாளர் செர்பரி பிரபு எட்வர்டு ஹெர்பர்ட். அறுபது கடந்த மெய்யியலாளர். உண்மை என்பது யாது என்று ஆராய்ந்து இலத்தீனில் நூல் எழுதியவர். இந்தப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் புத்தகங்களோடு ஒதுங்கி இருக்கவே அவர் விரும்பினார். அரசர் படையை உள்ளே விட மறுத்தவர், இப்போது வந்திருந்த மிடில்டனோடு பேச்சு நடத்தி, தம் உடைமைகளுக்கும் நூல்களுக்கும் ஊறு வரக்கூடாது என்ற ஏற்பாட்டின்பேரில் செப்டம்பர் 5ஆம் நாள் கோட்டையை ஒப்படைத்தார். மதில்மேல் பூனை என்று அவரை அன்று பலர் ஏசினார்கள். நமக்கென்னவோ அவர்மேல் கோபம் வரவில்லை. வாசலில் பீரங்கியும் உள்ளே நூலகமும் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

கோட்டையை இழந்த செய்தி கேட்டு அரசர் தரப்பு பெரும்படையோடு வந்தது. மிடில்டன் குதிரைப்படையோடு வெளியேறி உதவி தேடி ஓடினார். காலாட்படை உள்ளே அகப்பட்டது. செப்டம்பர் 18ஆம் நாள் பிரெரட்டன், சர் ஜான் மெல்ட்ரம், சர் வில்லியம் பேர்பாக்ஸ் ஆகியோர் திரட்டி வந்த படை கோட்டைக்குக் கீழே அரசரின் படையைச் சந்தித்தது. தொடக்கத்தில் அரசரின் குதிரைவீரர்கள் கை ஓங்கியது. பேர்பாக்ஸ் படுகாயமுற்று மறுநாள் இறந்தார். ஆனால் காலாட்கள் நிலைத்து நின்றார்கள். உள்ளே அடைபட்டிருந்தவர்களும் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்தார்கள். அரசர் படை சிதறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அந்த முதல் உள்நாட்டுப் போரில் வேல்ஸ் மண்ணில் நடந்த மிகப்பெரிய போர் இதுவே. அக்டோபர் தொடக்கத்தில் போவிஸ் கோட்டையும் விழுந்தது.

இனி மீதமிருந்தது சர்க். நாம் தொடங்கிய இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

கோட்டையைக் காத்து நின்றவர் ஜான் வாட்ஸ் என்ற அரசரின் அதிகாரி. முற்றுகை முடிந்ததும் அவர் இளவரசர் ரூபர்ட்டுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோட்டைகளை வீழ்த்துவதற்கு உரிய வழி பீரங்கி. மிடில்டனுக்கு அந்த வழியில் போக மனம் வரவில்லை. அது அவருடைய வீடு. ஆகவே அவருடைய ஆட்கள் பெரிய பலகைகளையும் மேசைகளையும் சுவரோடு சாய்த்து வைத்து, அவற்றின் மறைவில் கடப்பாரையும் குந்தாலியுமாகச் சுவரைக் குடைந்தார்கள். மேலிருந்தவர்கள் கற்களை உருட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். மூன்று நாளில் முற்றுகை முடிந்தது. வட வேல்சின் தளபதி தம் வீட்டுக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனார்.

கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மற்றவர் ஊரில் குண்டு போட்டவர் தம் வீட்டுச் சுவரை மட்டும் குந்தாலியால் தொட்டார் என்று அவரைக் குறை கூறலாம். அவர் காலத்திலேயே கூறியிருப்பார்கள். உள்நாட்டுப் போர் என்ற சொல்லின் பொருள் அந்தப் பலகைகளின் மறைவில்தான் விளங்குகிறது என்று நாம் கருதுகிறோம். பகைவன் நாட்டில் இடிப்பவனுக்கு மறுநாள் அங்கே வாழ வேண்டிய தேவை இல்லை. இங்கே அப்படியன்று.

மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு: யானையும் யானையும் பொருதினால் நடுவில் சாவது சருகுமான். சர்க் கோட்டையைச் சுற்றியிருந்த குத்தகைக் குடியானவர்கள்தாம் அந்தச் சருகுமான்கள். கோட்டைக்குள் இருந்த படைக்குத் தீனி வேண்டும். குதிரைகளுக்குப் புல் வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்த படைக்கும் அவையே வேண்டும். ஒரே வயலுக்கு இரண்டு எசமானர்கள். யார் வென்றாலும் கொட்டிலில் இருந்த மாடு திரும்பி வராது. அந்தக் குடியானவர்களின் பெயர்கள் போர் வரலாறுகளில் இல்லை.

1645இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அவையில் உறுப்பினராக இருப்பவர் படைப் பதவி வகிக்கக்கூடாது என்பது அதன் சாரம். மிடில்டன் பதவியைச் சகலரான மிட்டனிடம் விட்டுவிட்டு அவைக்குத் திரும்பினார். வட வேல்சின் கோட்டைகளை ஒவ்வொன்றாக வென்ற பெருமை மிட்டனுக்குப் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், செஸ்டர் நகரைக் காக்கப் புறப்பட்ட சார்லஸ் மன்னர் வழியில் சர்க் கோட்டையில் தங்கினார். மிடில்டனின் கூரையின்கீழ் மிடில்டனின் எதிரி! 1646 பிப்ரவரி இறுதியில் வாட்ஸ் கோட்டையை விட்டு வெளியேறினார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு வீடு குடும்பத்தின் கைக்கு வந்தது, அதுவும் சண்டையில்லாமல்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இவரைப் பற்றிப் பேச வந்திருக்கமாட்டோம்.

அரசர் தோற்றுவிட்டார். தோற்ற அரசரை என்ன செய்வது? அவரோடு உடன்பாடு செய்து, அதிகாரத்துக்கு வரம்பு கட்டி, மீண்டும் அரியணையில் அமர்த்துவது என்பது நாடாளுமன்றத்தில் பலருடைய எண்ணம். வென்ற இராணுவத்தின் எண்ணம் வேறு. 1648 டிசம்பர் 5ஆம் நாள், பேச்சைத் தொடரலாம் என்று அவை 129க்கு 83 என்ற கணக்கில் முடிவு செய்தது. மறுநாள் காலை கர்னல் பிரைடு என்பவர் துப்பாக்கி வீரர்களோடு அவை வாசலில் நின்று, இராணுவத்துக்கு வேண்டாத உறுப்பினர்களை உள்ளே விடாமல் தடுத்தார். இந்த வடிகட்டலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடம் இழந்தனர். மிடில்டன் அவர்களில் ஒருவர். அரசர் நாடாளுமன்றத்தை மிதித்தார் என்று வாளெடுத்தவர், தாம் ஆதரித்த இராணுவமே நாடாளுமன்றத்தை மிதிப்பதைக் கண்டார்.

1649 ஜனவரி 30ஆம் நாள் அரசரின் தலை வெட்டப்பட்டது. மரண ஆணையில் கையெழுத்திட்ட 59 பேரில் ஒருவர் மேசிகார்னெட் ஊரினரான ஜான் ஜோன்ஸ். அவர் இளமையில் லண்டனில் மிடில்டன் குடும்பத்தாரிடம் பணியாற்றியவர். வேல்சில் நாடாளுமன்றத்துக்காகப் போரிட்டவர். பழைய எசமானர் அவைக்கு வெளியே தள்ளப்பட்டார். பழைய பணியாளர் அரசருக்கே தீர்ப்பு எழுதினார். புரட்சி மனிதர்களை எப்படி இடம் மாற்றிவைக்கிறது, பாருங்கள். இது மிடில்டனின் மனத்தை உறுத்தியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. கொள்கையோடு கூடவே நிலக்கிழார் ஒருவரின் மான உணர்ச்சியும் அவருக்குள் வேலை செய்தது என்று சொன்னால் அவருக்கு அநீதி ஆகாது.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் அமைதியாக இருந்தார். ஆனால் ஆட்சியாளர்கள் அவரை நம்பவில்லை. 1651இல், இரண்டாம் சார்லஸ் ஸ்காட்லாந்திலிருந்து படையோடு வந்த ஆண்டில், சர்க் கோட்டையில் அரசாங்கக் காவற்படை வைக்கப்பட்டது. இரண்டாம் முறையாக அந்த வீட்டில் அன்னியர் குடியிருந்தனர். இம்முறை அவர்களை அனுப்பியது அவர் எந்தப் பக்கத்துக்காகப் போராடினாரோ அந்தப் பக்கமே.

1658இல் கிராம்வெல் மறைந்தார். ஆட்சி தள்ளாடியது. 1659 ஆகஸ்டில் செஷயரில் சர் ஜார்ஜ் பூத் என்பவர் கிளர்ந்தெழுந்தார். அவரும் முன்னாளில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றவர்; அவரும் 1648இல் வடிகட்டப்பட்டவர். தடையற்ற நாடாளுமன்றம் வேண்டும் என்று மட்டுமே பூத் தம் அறிக்கையில் கேட்டார்; அரசர் பெயரைத் தொடவில்லை. அவருக்குத் துணையாக எழுந்த மிடில்டனுக்கு அந்தத் தந்திரம் பிடிக்கவில்லை போலும். எழுபத்து மூன்று வயதுக் கிழவர் ரெக்சம் சந்தைத் திடலில், உருவிய வாளோடு, இரண்டாம் சார்லசே அரசர் என்று பறைசாற்றினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அரசருக்கு எதிராக அவர் படையோடு நுழைந்த அதே ரெக்சம்!

கிளர்ச்சி மூன்று வாரங்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்டு 19ஆம் நாள் வின்னிங்டன் பாலத்தருகே ஜெனரல் லாம்பர்ட் பூத்தின் படையை முறியடித்தார். பூத் பெண் வேடமிட்டுத் தப்பி ஓடினார். வழியில் ஒரு சத்திரத்தில் அந்தப் 'பெண்மணிக்கு' முகச்சவரம் செய்யக் கத்தி கேட்டதால் சந்தேகம் எழுந்து அகப்பட்டார். லாம்பர்ட் அங்கிருந்து சர்க்கை நோக்கி வந்தார். அவருக்கு அது யாருடைய வீடும் அன்று. பீரங்கிக்குத் தடை இல்லை. சில நாட்களில் மிடில்டன் தரப்பினர் கோட்டையை ஒப்படைத்தனர். இனி ஒருமுறை இது அரணாகப் பயன்படக்கூடாது என்று அதை இடிக்க ஆணை பிறந்தது. கீழ்ப்புறத்துக் கோபுரங்களும் மதிலும் தகர்க்கப்பட்டன. எந்தச் சுவரைக் காக்க 1644இல் அவர் பீரங்கியை ஒதுக்கினாரோ அந்தச் சுவர் இப்படிப் போயிற்று.

கட்சி மாறியவர் என்று அவரைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கைப்படி அது உண்மை: ஒருமுறை அரசருக்கு எதிராக, மறுமுறை அரசருக்காக. ஆனால் இரண்டு முறையும் அவர் கேட்டது என்ன? துப்பாக்கியின் நிழலில் அல்லாத ஒரு நாடாளுமன்றம். அதனோடு கலந்து ஆளும் ஓர் அரசர். 1642இல் ஒரு பக்கம் அதை மறுத்தது. 1648இல் மறுபக்கம் அதை மறுத்தது. இரண்டாம் முறை அவர் ஈடாக வைத்தது ஆதாயத்தை அன்று, எஞ்சியிருந்த வீட்டை.

1660 மே மாதம் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். மிடில்டனின் மூத்த மகன் தாமசுக்கு அவ்வாண்டே பாரோனட் பட்டம் கிடைத்தது. அக்டோபரில் ஜான் ஜோன்ஸ் லண்டனில் கொலைக்களம் ஏறினார். சிதைந்த வீட்டுக்குப் பட்டமெல்லாம் கூரை ஆகுமா? மராமத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மகன் 1663இல் தந்தைக்கு முன்பே இறந்தார். 1666 டிசம்பரில், எண்பதாவது வயதில், சர் தாமஸ் கண்மூடினார். இடிந்த கீழ்ப்புறத்தைப் பேரன்தான் கட்டி முடித்தார். அங்கே எழுப்பிய நீண்ட கூடம் 1670களின் இறுதியில் நிறைவுற்றது.

1981 முதல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே வெள்ளி வேலைப்பாடும் சின்னஞ்சிறு ஓவியங்களும் பதித்த கருங்காலிப் பேழை ஒன்றைக் காட்டுகிறார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் மிடில்டனுக்கு அளித்த பரிசு என்பது குடும்ப வழக்கு. அந்தப் பேழை நிற்பது பேரன் கட்டிய அந்த நீண்ட கூடத்தில், லாம்பர்ட்டின் ஆட்கள் இடித்த பக்கத்தில்தான்.